சர்க்கரைப் பாகு

பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் காதை வைத்து ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே சத்தம் இருந்தது. இருந்த மாதிரி இருந்தது. அது தேனீக்களின் சத்தமா, பாதி ஆயுசு பஸ் டெப்போவில் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று தேய்ந்துபோன காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சலா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. காதை எடுத்தார், மறுபடி வைத்தார். இருக்கிறது. ஆனால் வைகாசியில் கேட்ட சத்தம் இல்லை இது. அப்போது சமதரையில் டாப் கியரில் போகிற வண்டி மாதிரி ஒரே சீராக இருந்தது, இப்போது மேட்டில் திணறுகிற மாதிரி விட்டு விட்டு வருகிறது. வண்டி என்றால் சொல்லிவிடுவார். செங்கோட்டை வண்டி டெப்போ வாசலில் திரும்பும்போதே, டீயைக் கீழே வைக்காமல், இஞ்செக்டர் அடைச்சிருக்குடே என்று சொல்லக்கூடியவர். டிரைவர்கள் நம்பமாட்டார்கள், கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஓய்வு பெற்றும் அந்தக் கர்வம் மட்டும் ஓய்வு பெறவில்லை, அதனால்தான் ஆளைத் தேடிப் போகாமல் தானாகவே இந்த மரப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். சப்போட்டா இலையிலிருந்து ஒரு சொட்டு பிடரியில் விழுந்தது. சாரல் நின்றுவிட்டது, மரம்தான் இன்னும் பெய்துகொண்டிருந்தது. மலைப் பக்கம் பார்த்தார். மேகம் மலையை இடுப்பு வரைக்கும் மூடியிருந்தது, மேற்கே ஒரு ஓரம் மட்டும் வெளுத்த மாதிரி தெரிந்தது. வெயில் வந்தால்தான் பெட்டியைத் திறக்கலாம், ஈரக்காற்றில் திறந்தால் உள்ளே இருக்கிற தேனீக் குஞ்சுப் புழுவெல்லாம் குளிர்ந்து செத்துப்போகும். வரும், எப்படியும் ஒரு பொட்டு வெயிலாவது வரும் என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தேனீ வளர்க்க வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சித்திரை மாதம் ஒரு மத்தியானம் எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து, மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் மாட்டியிருந்த மரப்பெட்டிக்குள் புகுந்துகொண்டது. மோட்டார் போட முடியவில்லை, தென்னைக்குத் தண்ணீர் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பந்தம் கொளுத்திக் காட்டினால் வேலை முடிந்தது அண்ணாச்சி என்றான். அவரும் கம்பில் பழந்துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் முக்கிவிட்டார். அப்போதுதான் பின்வாசலில் குழலி வந்து நின்றாள். அவருடைய ஒரே மகள். குற்றாலத்து அம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள் என்பதால் குழல்வாய்மொழி என்று முழுப்பெயரை வைத்து, கூப்பிட நீளமாக இருக்கிறது என்று பாதியாக வெட்டிக்கொண்ட பெயர். சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தது. மாசியில் ஒருநாள் விடிகாலை ரயிலில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள், இனிமே அங்க போகமாட்டேன்ப்பா என்றாள், மாடியறைக்குப் போனாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் வேண்டாம், போதும், இருக்கட்டும், தூங்குதேன், இவ்வளவுதான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு அவர் கையிலிருந்த கம்பையே பார்த்துக்கொண்டு, "அதுகள விரட்டாதீங்கப்பா. போக்கிடம் இல்லாமத்தான வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். மாசிக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் நீளமான பேச்சு அது. எலக்ட்ரீஷியனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பக்கத்து ஊரில் தேனீப் பெட்டி வைத்திருந்த தங்கையாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவன் பீடிப்புகை விட்டு, அடைகளை வெட்டிச் சட்டங்களில் வாழைநாரால் கட்டி, கூட்டத்தை இந்தப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து சாயங்காலமானால் குழலி இறங்கி வந்து துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ராத்திரி சாப்பாட்டில் ஒரு வரி வரும். இன்னைக்கு மஞ்சத் தூளா கால்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சுப்பா. இன்னொரு நாள், இன்னைக்கு வெள்ளை, தென்னம்பாளையா இருக்கும். அந்த ஒரு வரிக்காக அவரும் அவர் மனைவி சங்கரவடிவும் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஆடி பிறந்ததிலிருந்து பெட்டிக்கு உடம்பு சரியில்லை. விடாத சாரல், பூவெல்லாம் கொட்டிப்போயிற்று, தேனீக்கள் வெளியே போகாமல் அடைந்து கிடந்தன. பார்க்க ஒன்றும் இல்லாததால் குழலி இறங்கி வருவதும் நின்றுபோயிற்று, சாப்பாட்டில் அந்த ஒரு வரியும் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் பெட்டிக்கு முன்னால் தரையில் ஒன்றிரண்டு ஊர்ந்து திரிந்தன. வயிறு ஊதியிருக்கும், இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கும், எழும்பாது. காலையில் அவர் முதல் வேலையாக அவற்றைப் பொறுக்கி, மகள் பார்த்துவிடாமல் வாழைக்குக் கீழே போட்டு மண்ணைத் தள்ளினார். ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்தார். முதலில் எறும்பு. பெட்டியின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தியாயிற்று, எறும்பு இல்லை. பிறகு பஞ்சுருட்டான். கரண்ட் கம்பியில் பச்சையாக உட்கார்ந்து வந்து போகிற தேனீயைக் கொத்துகிற குருவி. அதைக் கல்லால் எறிந்து விரட்டினார், இந்த வயசுல குருவி அடிக்கியளாக்கும் என்று சங்கரவடிவு ஜன்னலிலிருந்து கேட்டாள். பிறகு மெழுகுப் பூச்சி, அது வந்திருந்தால் அடையில் ஒட்டடை கட்டியிருக்கும், கட்டவில்லை. பிறகு பக்கத்துத் தோட்டத்து மாரியப்பன் கத்தரிக்கு மருந்து அடித்திருப்பானோ என்று வேலியோரம் போய் நைசாகக் கேட்டார். இந்த மழையில எவன் மருந்தடிப்பான் அண்ணாச்சி என்று சிரித்துவிட்டு, அதே மூச்சில், மக எப்ப ஊருக்குப் போறா என்றான் மாரியப்பன். லீவுல வந்திருக்கா என்று அவர் சொன்னார். மாசியிலும் அதையே சொன்னார், சித்திரையிலும் அதையே சொன்னார், மாரியப்பனுக்கும் தெரியும், அவன் கேட்டதும் அவர் சொன்னதும் வேலியைத் தாண்டி விழுகிற ஓலை மாதிரி பழகிப்போயிற்று. இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது எதற்காக அங்கே போனோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எங்கே விட்டோம். எறும்பு இல்லை, குருவி இல்லை, பூச்சி இல்லை, மருந்து இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ராணிதான். ராணி செத்துப்போயிருக்கும். ராணி செத்தால் முட்டை கிடையாது, முட்டை இல்லையென்றால் புதுத் தேனீ கிடையாது, இருப்பது ஒவ்வொன்றாய்க் குறைந்து ஒருநாள் காலையில் பெட்டி வெறும் பெட்டியாக இருக்கும். இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் மொத்தமாகப் பறந்துபோகும். அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை, நினைப்பு மறுபடி எறும்பிலிருந்து தொடங்கியது.

தங்கையாவைக் கேட்கலாம் என்றால் அவன் வேலை தேடி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். போன் போட்டால் மலையாளத்தில் ஒரு பெண் ஏதோ சொல்லுகிறாள், அவள் சொல்வதில் தங்கையா என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. போகும்போது அவன் சொன்னது இரண்டே விஷயம். மழைக்காலத்துல தீனி குடுங்க அண்ணாச்சி. அடிக்கடி தெறந்து பாக்காதிய, கோவிச்சுக்கிட்டுப் போயிரும். என்ன தீனி, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வைக்காதது தப்பு. அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே. சென்னைப் பக்கத்தில் மாடியில் தேனீ வளர்க்கிற ஒரு தொப்பிக்காரப் பையன் படம் போட்டிருந்தான், நன்றாகப் புரிகிற மாதிரி சொல்லுகிறான், அதையே அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். மழை நாள்ல பூச்சிங்க பட்டினி கிடக்கும், அப்போ சர்க்கரைப் பாகு வைங்க, ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணி. அதைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சுகர் வந்ததிலிருந்து வெள்ளைச் சீனியை விஷம் என்று தீர்மானித்து வீட்டுக்குள்ளேயே விடாதவர் அவர். சீனிக்கு எதிராகக் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பிரசங்கம் செய்வார். காலையில் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பிதான், மாடியறை வாசலில் மகளுக்கென்று தினமும் ஒரு தம்ளர் கொண்டுபோய் மூடி வைப்பார், மத்தியானம் பார்த்தால் ஆடை படிந்து பாதிக்கு மேல் அப்படியே இருக்கும், பிள்ளைக்கு மனசு சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வருத்தத்தோடு கொண்டுபோய்க் கொட்டுவார். தேனீக்கும் சர்க்கரைதான் என்றால் பார்த்தீர்களா, பூச்சிக்குக்கூட நல்லது தெரிந்திருக்கிறது. அன்றைக்கே கடைக்குப் போய் நல்ல சர்க்கரையாகக் கேட்டார், கடைக்காரர் பழுப்பு நிறத்தில் மணக்க மணக்கப் பொடித்து வைத்திருந்ததை நிறுத்துக் கொடுத்தார். அதைக் கரைத்து, தூசி போக வடிகட்டி, பெட்டிக்குள் சிரட்டையில் ஊற்றி, விழுந்து முங்கிவிடாமல் இருக்க ஈர்க்குச்சியும் மிதக்கவிட்டார். அடுத்த வாரம் அதிலும் திருப்தி இல்லாமல், உடம்புக்குத் தெம்பு என்று சுத்தமான கருப்பட்டியையே பாகாக்கினார். கொஞ்சம் சுக்குப்பொடியும் சேர்க்கலாமா என்று யோசித்து, நல்லவேளை, விட்டுவிட்டார். சிரட்டை மறுநாளே காலியாகிவிடும். குடிக்கிறது, குடித்தும் இளைக்கிறது, அதுதான் அவருக்குப் புரியவில்லை. பாகு ஊற்றும்போது கை நடுங்கிச் சிந்திவிடுகிறது போலிருக்கிறது, வாசல் பலகையெல்லாம் பழுப்புக் கோடாக வழிந்து கிடக்கும், அதையும் தினம் ஈரத்துணியால் துடைத்தார்.

அடிக்கடி திறக்காதே என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன, கை சும்மா இருந்தால்தானே. மேல்மூடியைக் கொஞ்சமாய்த் தூக்கி, ஒரு கண்ணால் பார்த்து, இருக்குதுகளா என்று உறுதி செய்துகொண்டு மூடிவிடுவார், அதற்குப் பெயர் திறப்பதா என்ன. மூடின பிறகு சந்தேகம் வரும், பார்த்தது நேற்றுப் பார்த்ததைவிடக் குறைவோ என்று. மறுபடி ஒரு கண். மாடியறையும் அப்படித்தான். கதவைத் தட்டுவார், சாப்பிட்டியாம்மா என்பார், சாப்பிட்டேன்ப்பா என்று வரும். கொஞ்சம் பொறுத்துப் போய், ஃபேன் ஓடுதா, கொசு கடிக்குதா, அந்த ஜன்னல் மழையில் ஊறி இறுகிப்போச்சே, தெறந்து பாக்கட்டுமா. ஜன்னலைத் திறக்கிற சாக்கில் முகத்தைப் பார்ப்பார். நேற்றைவிட இளைத்திருக்கிறாளோ. ஒருநாள் மாடிப்படியில் சங்கரவடிவு மறித்துக்கொண்டாள். "ஏங்க, பிள்ளைய நிம்மதியா விடுங்களேன். ஒரு நாளைக்குக் கதவ எத்தன தடவ தட்டுவிய. அவளுக்கு வேணும்னா அவளே இறங்கி வருவா." வருவாள், சரி, எப்போது வருவாள், இறங்கி வருகிறவள் பின்வாசல் வழியாக வந்தால் இந்தப் பெட்டியைத்தான் முதலில் பார்ப்பாள், பார்க்கும்போது அது காலியாக இருந்தால். போக்கிடம் இல்லாமல் வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் வாயாலேயே சொன்ன கூட்டம். இந்த வீட்டிலும் அதற்கு இருக்க முடியவில்லை என்று ஆகிவிட்டால் அவள் மனதில் என்ன ஓடும்.  மறுபடி அந்த ரயிலில் ஏறிவிடுவாளோ என்று ஒரு பயம். அதற்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது, அதை அவர் ஒருநாளும் முழுசாகத் திரும்பிப் பார்த்ததில்லை, கிணற்று மூடியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் பூட்டுப் போட்டு சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அதனால் பூச்சிதானே, போனால் போகிறது என்று மாரியப்பன் சொல்வது மாதிரி அவரால் சொல்ல முடியாது. இது போகக்கூடாது. இது போனால் நடக்கிறதே வேறு.

முழங்கையில் சுள்ளென்று பட்டது. கொட்டிவிட்டதோ என்று பார்த்தால் வெயில். மேகம் கிழிந்து, சப்போட்டா இலை இடுக்கு வழியாக ஒரு பொட்டு வெயில் முழங்கையிலும் பெட்டி மூடியிலும் விழுந்திருந்தது. எழுந்திருக்கிற அவசரத்தில் முக்காலி சாய்ந்தது. இன்றைக்கு ஒரு கண் வேலை இல்லை, முழுசாகப் பார்த்துவிடுவது. ராணியைத் தேட வேண்டாம், முட்டை இருக்கா பாருங்க, முட்டை இருந்தா ராணி இருக்குன்னு அர்த்தம் என்று தொப்பிக்காரப் பையன் சொல்லியிருக்கிறான். சாம்பிராணி போடுகிற தூபக்காலில் தேங்காய் நாரை மூட்டி வைத்திருந்தார், அதை வாசல் பக்கம் காட்டினார், புகை அவருடைய கண்ணுக்குத்தான் நேராக வந்தது. மூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது, புளித்த வாடை, வைகாசியில் இப்படி இல்லை, அப்போது மெழுகும் பூவுமாகக் கோயில் வாசல் மாதிரி மணந்தது. முதல் சட்டத்தைத் தூக்கினார். காலி அடை, காய்ந்து கிடந்தது. இரண்டாவதில் கொஞ்சம் தேனீக்கள், ஒன்றன்மேல் ஒன்று சோம்பிக்கொண்டு. அடை முழுக்கப் பழுப்புத் தீற்றல். மூன்றாவதைத் தூக்கி வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். குழி குழியாக ஆயிரம் அறை, ஒவ்வொன்றின் அடியிலும் முட்டை இருக்கிறதா இல்லையா, கண்ணாடியில் மூச்சு படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் சட்டம். முகத்தைத் தோளில் தேய்த்துப் பார்த்தார், கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. இஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு நேரே எண்ணெய் சொட்டச் சொட்ட, எந்த நட்டு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்கு, கை நீளத்தில் இருக்கிற இந்தக் குழிக்குள் இருப்பதும் இல்லாததும் தெரியவில்லை. இல்லை. ஒன்றும் இல்லை. எல்லாம் வெறுங்குழி. தெரிந்துதானே இருந்தது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. சட்டம் அவர் கையில் ஆடியது, ஒரு கொத்துத் தேனீ பொத்தென்று காலடியில் விழுந்தது, விழுந்தது பறக்காமல் அங்கேயே ஊர்ந்தது.

"ஆட்டாதீங்கப்பா. இங்க குடுங்க." குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் திரும்பவில்லை, திரும்பினால் போய்விடுவாளோ என்று. ஒரு கை வந்து சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்தது, பிறகு இன்னொரு கை. குழலி கையுறை போடவில்லை, முகத்தில் வலை இல்லை, தலைகூடச் சீவியிருக்கவில்லை. எப்போது இறங்கி வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு தேனீ அவள் மணிக்கட்டில் ஏறி வளையல் இருந்த இடத்தைச் சுற்றி வந்தது, அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சட்டத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கக்கூடாது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இருக்கா என்று ஒரு வார்த்தை நாக்கின் நுனி வரை வந்து நின்றது. "இருக்குப்பா" என்றாள். "இந்தா, இங்க. குட்டியூண்டு வெள்ளை நூல் மாதிரி. இங்கயும் இருக்கு. நட்டமா நிக்கி பாருங்க." நட்டமாக நின்றால் புது முட்டை, படுத்திருந்தால் பழசு, அதையும் தொப்பிக்காரப் பையன் சொல்லியிருந்தான். அப்படியானால் நேற்றோ இன்றைக்கோ வைத்தது. அப்படியானால் ராணி இருக்கிறது, இதே பெட்டிக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது, இவ்வளவு நோக்காட்டிலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு முட்டை இப்போதும் தெரியவில்லை, தெரிகிறது தெரிகிறது என்று தலையை ஆட்டினார். கண்ணாடி மங்கியது மூச்சினால் மட்டும் இல்லை.

"பெறவு எதுக்கு இப்படி வாடிக் கெடக்கு" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டத்தை மெதுவாக உள்ளே இறக்கினாள். வாசல் பலகையைக் குனிந்து பார்த்தாள். பழுப்புக் கோட்டை விரல் நகத்தால் சுரண்டி மோந்தாள். "அப்பா, இது என்னது?" பாகும்மா, ஊத்தும்போது சிந்திருச்சு என்றார். "வெளியவா ஊத்தினீங்க?" இல்லை, உள்ளேதான். "உள்ள ஊத்தினது வெளிய எப்படிப்பா சிந்தும்? வயித்தால போயிருக்கு. இதுகளுக்கு வயிறு சரியில்ல." அவர் அந்தக் கோட்டையே பார்த்தார். இத்தனை நாள் கையால் துடைத்தது. "என்ன குடுக்கீங்க?" என்று கேட்டாள். சர்க்கரைப் பாகு. "சர்க்கரைன்னா எது?" சர்க்கரைன்னா சர்க்கரைதான், அப்புறம் தெம்புக்கு நல்ல கருப்பட்டியாகவே கொடுத்தேன், ஒரு பங்குக்கு ஒரு பங்கு, அந்தச் சென்னைப் பையன் சொன்னபடிதான் செய்தேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவள் பெட்டியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா" என்றாள், "அங்க சர்க்கரைன்னா சீனிப்பா."

தெரியாதா என்ன. தெரியும். மெட்ராஸ்காரர்கள் சீனியைத்தான் சர்க்கரை என்பார்கள், ரேஷன் கடைப் பலகையில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும், ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். தெரிந்தது வேண்டிய நேரத்தில் கைக்கு வரவில்லை. அந்தப் பையன் சர்க்கரை என்றதும் அவர் காதில் அவருடைய சர்க்கரை, வெல்லத்தைப் பொடித்த பழுப்புச் சர்க்கரை, விழுந்தது, விழுந்ததும் மனசு குதித்தது, கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுக்கொண்டார். வெளியே போய் வயிற்றைக் கழித்துவரக்கூட வழியில்லாத மழையில் அடைந்து கிடந்த உயிர்களுக்கு, மண்ணும் சாரமும் கலந்து தேனீக்குச் செரிக்காத கருப்பட்டியைத் தெம்பு தெம்பு என்று தினமும் ஊற்றியிருக்கிறார். நான்தான் கெடுத்தேனாம்மா என்று வாயைத் திறந்தபோது, அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "நானும் இதையேதாம்ப்பா செஞ்சேன்" என்றாள். "கல்யாணமாகிப் போன மறுநாள். வீடு நெறைய ஆளு. பால்ல சர்க்கரை போட்டு எடுத்துட்டு வாம்மான்னாங்க அவங்கம்மா. நானும் தேடிப் பிடிச்சு, வெல்லம் இருந்துச்சு, அதத் தட்டிக் கொதிக்கிற பால்ல போட்டேன். அத்தன பாலும் திரிஞ்சு போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கிற விஷயந்தான."  பெட்டிக்குள்ளிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, இந்தத் தடவை அது தன் காதின் இரைச்சல் இல்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. "அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சாலும் பால் திரிஞ்சுதான்னு கேப்பாருப்பா அவரு. பஸ்ஸு தப்பிட்டா, பால் திரிஞ்சுதா. கொழம்புல உப்பு கூடிட்டா, பால் திரிஞ்சுதா. வேல கெடைக்கல, பால் திரிஞ்சுதா. அவரு பிரண்ட்ஸ்கிட்ட என்னய அறிமுகப்படுத்தும்போதே அதச் சொல்லித்தான். மூணு வருஷம் அதுதான் எம்பேரு. அடிச்சாரான்னா இல்ல. அதான் யாருகிட்டயும் சொல்ல முடியல. இத ஒரு காரணம்னு எப்படிச் சொல்ல."

ஆவுடையப்பன் தூபக்காலைக் கையில் பிடித்தபடி நின்றார். கேட்க வேண்டியது எவ்வளவோ முட்டிக்கொண்டு வந்தது. என்னிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அவன் அப்பன் என்ன செய்துகொண்டிருந்தான், இன்னும் என்னென்ன சொன்னான், இப்போதே ரயிலேறிப் போய் அவன் சட்டையைப் பிடித்தால் என்ன. ஒவ்வொன்றும் மூடியைத் தூக்கி ஒரு கண்ணால் பார்க்கிற வேலைதான் என்று தோன்றியது. குனிந்து பெட்டியின் மூடியை எடுத்து, சத்தம் வராமல் பொருத்தி வைத்தார். "காரணந்தாம்மா" என்றார். "அது போதும். பெரிய காரணம்." அவள் கல்லில் ஒட்டியிருந்த சோப்புத் துணுக்கை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தாள், தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "எம்மா, சீனி இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டாள். மாடியறையின் அடைந்த குரல் இல்லை அது, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்துவிட்டுக் கூப்பிடுகிற பழைய குரல். இந்த வீட்டில் ஏதம்மா சீனி, நான் போய்க் கடையில் வாங்கி வருகிறேன் என்று அவர் சட்டையைத் தேடினார். அதற்குள் அடுக்களை வாசலில் சங்கரவடிவு வந்து நின்றாள், கையில் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பா. அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "மருந்துக்குன்னு அரிசிப் பானைக்குப் பின்னால கொஞ்சம் வச்சிருந்தேன்" என்றாள். டப்பா பாதி காலியாக இருந்தது. எந்த மருந்துக்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, குழலி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள், அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர். குழலிதான் கரைத்தாள். பழைய சிரட்டையைத் தூர எறியச் சொல்லிவிட்டுப் புதுச் சிரட்டையில் ஊற்றினாள், பாகு தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது, இதில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று வாய் வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். பழுப்புக் கோடுகளை அவளே ஈரத்துணியால் துடைத்தாள். "இனிமே நாலு நாளைக்குத் தெறக்கக் கூடாதுப்பா" என்றாள். "வாசலப் பாத்தாலே தெரியும். கோடு விழுதான்னு பாப்போம்." சரிம்மா என்றார். பிழைத்துவிடும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, அடைகள் பாதி காலி, மழை இன்னும் இருக்கிறது. ஆனால் முட்டை நின்றுகொண்டிருக்கிறது. அதற்குள் வெயிலுக்கு இரண்டு மூன்று வெளியே வந்து, வாசல் பலகையில் நின்று இறக்கையை உதறிப் பார்த்து, ஒன்று எழும்பித் தென்னை உயரத்துக்குப் போனது. அது கண்ணுக்கு மறைகிறவரை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். காப்பி குடிக்கியாம்மா என்று கேட்கப்போனவர், கேட்காமல் சும்மா நின்றார். நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே அடுக்களைப் பக்கம் பார்த்து, "எம்மா, எனக்கு ஒரு காப்பி போடு. சீனி போட்டு" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "கருப்பட்டிக் காப்பி எனக்குச் சின்னப்பிள்ளையிலருந்தே பிடிக்காதுப்பா. நீங்க ஆசையாக் குடுக்கீங்கன்னு சொல்லல" என்றாள். அவர் தலையாட்டினார். தினமும் மாடிப்படியேறி வைத்த தம்ளர்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, பெட்டி வாசலைப் பார்த்தபடி, ஊதி ஊதிக் குடித்தாள். குடித்துவிட்டு, குளிச்சிட்டு வாரேன்ப்பா என்று சொல்லி உள்ளே போனாள். அவர் கல்லின் மேல் இருந்த தம்ளரை எடுத்துப் பார்த்தார். காலியாக இருந்தது. அடியில் கரையாத சீனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.